மயிலிறகும் பஸராவின் பேரறிஞரும்

மக்தபில் ஓதும் பிள்ளைகளின் குர்ஆன் ஷரீஃபைத் திறந்தால், ஓதி நிறுத்திய பக்கத்தில் அடையாளத்திற்காக ஒரு மயிலிறகு வைத்திருப்பதைக் காணலாம். அது குட்டி போடும் என்று நம்பி நாள்தோறும் திறந்து பார்த்து ஏமாந்த காலம் நம்மில் பலருக்கும் இருந்திருக்கும். ஆனால் அந்த இறகை வெளிச்சத்தில் சற்றே சாய்த்துப் பார்த்திருக்கிறோமா? பச்சையாகத் தெரிந்த இடம் நீலம் காட்டும். செம்பு நிறமாக இருந்த இடத்தில் பச்சை தட்டும். இருண்ட மூலைக்குக் கொண்டு போனால் அத்தனை நிறமும் அடங்கிக் கறுத்துவிடும். சாயம் தோய்த்த துணி இப்படி மாறுவதில்லை. அப்படியானால் மயிலிறகின் நிறம் எங்கே இருக்கிறது? இறகிலா, அதன்மீது விழும் ஒளியிலா, பார்க்கின்ற கண்ணிலா?

மயிலிறகின் இந்த நிறமாற்றத்தை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கவனித்துத் தம் கிதாபில் எழுதி வைத்த பெருந்தகை ஒருவர் உண்டு. அவர்தாம் அல்லாமா அபூ அலீ அல்ஹஸன் இப்னுல் ஹஸன் இப்னுல் ஹைஸம் (ரஹ்) அவர்கள். ஐரோப்பியர் அன்னாரை அல்ஹாஸென் என்று அழைத்தனர். அவர்களின் வாழ்க்கை வரலாற்றைச் சிறிது காண்போம்.

பிறப்பும் இளமையும்

ஹிஜ்ரி 354ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 965 அளவில், இராக்கிலுள்ள பஸரா நகரில் இப்னுல் ஹைஸம் பிறந்தார்கள். பஸராவை நாம் அறியாதவர்கள் அல்லர். ஹஸன் பஸரீ (ரஹ்), ராபியத்துல் பஸரிய்யா (ரஹ்) ஆகியோரின் ஊர் அது. நஹ்வு ஓதியவர்கள், பஸராக்காரர்களுக்கும் கூஃபாக்காரர்களுக்கும் இடையே நடந்த இலக்கணச் சர்ச்சைகளை மறந்திருக்க மாட்டார்கள். எந்தக் கூற்றானாலும் ஆதாரம் எங்கே என்று கேட்டுப் பழகிய ஊரில் வளர்ந்தவர்கள் இப்னுல் ஹைஸம்.

தம் அறுபத்து மூன்றாம் வயதில், ஹிஜ்ரி 417இல், அவர்கள் தம் கல்வி வாழ்க்கையைப் பற்றித் தாமே ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். இளமையில் மக்களின் பல்வேறு கொள்கைகளைக் கண்டு மனம் கலங்கியதை அதில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு கூட்டத்தாரும் தத்தம் கருத்தையே பிடித்துக் கொண்டிருந்தனர். உண்மை ஒன்றுதான், அதை அடையச் செல்லும் வழிகளில்தான் வேறுபாடு தோன்றுகிறது என்பது அவர்களின் முடிவு. எனவே கண்ணாலும் மற்றப் புலன்களாலும் அறியக்கூடியவற்றை ஆதாரமாகவும், அறிவின் ஒழுங்கை அளவுகோலாகவும் கொண்ட கல்வியைத் தேடினார்கள். கணிதம், வானவியல், ஒளியியல் ஆகியவற்றில் அவர்கள் மூழ்கியதற்கு இதுவே காரணம். கிப்லாவின் திசையைக் கணக்கிட்டு அறியும் முறை பற்றியும் அன்னார் ஒரு நூல் எழுதியிருக்கிறார்கள். தொழுகையில் எத்திசை நோக்குவது என்ற கேள்வியும், ஒளி எத்திசையில் செல்கிறது என்ற கேள்வியும் அவர்களுக்கு ஒரே கணிதத்தால் ஆராய வேண்டியவையாக இருந்தன.

நைல் நதிக்கரையில்

அன்னாரின் வாழ்வில் மிகவும் பேசப்படுகின்ற நிகழ்ச்சி நைல் நதி பற்றியது. ஹிஜ்ரி 646இல் மறைந்த வரலாற்று ஆசிரியர் இப்னுல் கிஃப்தீ இதனை எழுதி வைத்திருக்கிறார்.

நைல் நதி சில ஆண்டுகளில் பெருக்கெடுத்து ஊர்களை அழிக்கும். சில ஆண்டுகளில் நீர் குறைந்து பஞ்சம் வரும். தாம் எகிப்தில் இருந்தால், நீர் கூடினாலும் குறைந்தாலும் மக்களுக்குப் பயன்படும்படி ஏற்பாடு செய்திருக்கலாமே என்று இப்னுல் ஹைஸம் சொன்னார்களாம். இச்செய்தி அப்போது எகிப்தை ஆண்ட பாத்திமீ மன்னர் ஹாக்கிமின் காதுக்கு எட்டியது. மன்னர் பொருள் அனுப்பி அவர்களை வரவழைத்தார். கெய்ரோவுக்கு வெளியே அல்கந்தக் என்னும் சிற்றூர் வரை மன்னரே வந்து வரவேற்றார் என்றால், எவ்வளவு பெரிய எதிர்பார்ப்பு இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

ஆட்களுடனும் கருவிகளுடனும் நதியோரமாகத் தெற்கே அஸ்வானை நோக்கிப் புறப்பட்டார்கள். வழியெங்கும் பண்டை எகிப்தியரின் மாபெரும் கட்டடங்கள் நின்றன. அவற்றின் அளவும் ஒழுங்கும் நுட்பமும் அவர்களைச் சிந்திக்க வைத்தன. இத்தனை ஆற்றல் படைத்த மக்கள் இந்நாட்டில் வாழ்ந்திருக்கிறார்கள். நதியைக் கட்டுப்படுத்த முடிந்திருந்தால் அவர்கள் செய்யாமல் விட்டிருப்பார்களா என்று மனம் கேட்டது. அல்ஜனாதில் என்னும் இடத்தில், நீர் பாறைகளுக்கிடையே விழுந்து பாய்வதை நாலாபுறமும் நின்று ஆராய்ந்தார்கள். தம் திட்டம் நடவாது என்று தெளிந்தார்கள்.

அங்கே அவர்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஏதேனும் ஒரு வேலையைத் தொடங்கி வைத்து, மன்னரின் பொருளைச் செலவழித்து, காலத்தைக் கடத்தலாம். அல்லது திரும்பிச் சென்று, முடியாது என்று ஒப்புக்கொள்ளலாம். ஹாக்கிமோ எந்நேரம் என்ன செய்வார் என்று யாராலும் சொல்ல முடியாதவர்; பலரைக் கொன்றவர். அப்படிப்பட்டவரின் முன்னே போய் நின்று, தாம் எண்ணியது தவறு என்று இப்னுல் ஹைஸம் சொன்னார்கள்.

மன்னர் வெளிக்கு ஏற்றுக்கொண்டு ஓர் அரசாங்கப் பதவி கொடுத்தார். ஆனால் அந்தப் பதவியிலிருந்து எந்த நாளில் தலை போகுமோ என்ற அச்சம் அவர்களை விடவில்லை. வேறு வழி தெரியாமல் பித்துப் பிடித்தவரைப் போல் நடித்தார்கள். உடைமைகள் அரசின் பொறுப்பில் வைக்கப்பட்டன; வீட்டிலேயே அடைத்து வைக்கப்பட்டார்கள். ஹிஜ்ரி 411இல் (கி.பி. 1021) ஹாக்கிம் மறைந்த பின்புதான் அந்த வேடத்தைக் களைந்தார்கள்.

ஹிஜ்ரி 668இல் மறைந்த இப்னு அபீ உஸைபிஆ இதைச் சற்று வேறு விதமாகவும் சொல்கிறார். பஸராப் பகுதியில் பார்த்து வந்த அரசுப் பணியிலிருந்து விடுபட்டுக் கல்வியில் ஈடுபடுவதற்காகவே அவர்கள் அவ்வாறு நடித்தார்கள் என்பது அவர் தரும் மற்றொரு செய்தி. செய்திகள் இரண்டாக இருக்கும்போது இரண்டையும் சொல்லிவிடுவதே நம் முன்னோர் கற்பித்த முறை. ஆயினும், பதவியை விட்டுக் கல்வியை எடுத்தார்கள் என்பதில் இரண்டும் ஒத்துப் போகின்றன.

அஸ்வானில் முதல் அணை 1902இலும், பேரணை 1970இலும் முடிக்கப்பட்டன. ஆகவே அன்னாரின் எண்ணம் வெறும் கனவன்று. அதற்குரிய கருவிகள் அக்காலத்தில் இல்லை என்பதைத் தம் கண்ணால் பார்த்துத் தெரிந்து கொண்டார்கள். தெரிந்ததைத் தெரிந்தபடியே சொன்னார்கள்.

அஸ்ஹரின் வாசலில்

விடுதலைக்குப் பிறகு அல்அஸ்ஹர் பள்ளிவாசலின் வாயிலருகே ஒரு குப்பாவில் குடியிருந்தார்கள். அவர்களின் கையெழுத்து அழகானது. ஆண்டுதோறும் யூக்ளிடின் கணித நூலையும், இடைநிலைக் கணித நூல்களின் தொகுதியையும், பத்லமியூஸின் அல்மஜிஸ்தீ என்னும் வானவியல் நூலையும் பிரதி எடுப்பார்கள். அவற்றை 150 எகிப்திய தீனாருக்கு விற்பார்கள். விலை பேசுவதில்லை. அதுவே அவர்களின் ஓர் ஆண்டுச் செலவுக்கான ஹலாலான வருமானம். மன்னரின் பதவியில் அச்சத்தோடு உண்டவர், தம் கையெழுத்தின் கூலியில் நிம்மதியாக உண்டார். ஹிஜ்ரி 430 (கி.பி. 1040) அளவில் கெய்ரோவில் மறைந்தார்கள்.

அன்னாரின் தலைசிறந்த நூலான கிதாபுல் மனாழிர் ஏழு பாகங்களைக் கொண்டது. வீட்டுக் காவலில் இருந்த போதே அதை எழுதினார்கள் என்று பலரும் சொல்வதுண்டு. ஆனால் அவர்களின் நூற்பட்டியல்களை ஆராய்ந்தவர்கள், 1028க்கும் 1038க்கும் இடைப்பட்ட காலத்தில், அதாவது விடுதலைக்குப் பின்னரே அது எழுதப்பட்டது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

பார்வை எப்படி நிகழ்கிறது?

அதற்கு முந்திய அறிஞர்கள் பார்வையைப் பற்றி இரு பிரிவாக இருந்தனர். யூக்ளிடும் பத்லமியூஸும், கண்ணிலிருந்து ஒரு கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்றனர். அரிஸ்டாட்டிலின் வழியினர், பொருளின் உருவம் கண்ணுக்குள் வந்து சேர்கிறது என்றனர். ஒவ்வொரு பிரிவுக்கும் பெரிய பெயர்கள் துணை நின்றன. இப்னுல் ஹைஸம் பெயர்களைப் பார்க்கவில்லை. சூரியனை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கிறது. பார்வையைத் திருப்பிய பிறகும் அந்த வெளிச்சத்தின் தடம் சிறிது நேரம் கண்ணில் நிற்கிறது. வெளியிலிருந்து ஒளி வந்து கண்ணைத் தாக்குவதால்தானே இப்படி நேர்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்கினார்கள். பிறகு, ஒவ்வொரு பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒளி எல்லாத் திசையிலும் நேர்கோட்டில் செல்கிறது, அதில் கண்ணை அடைவதே பார்வையாகிறது என்று கணிதத்தால் நிறுவினார்கள்.

இதற்காக ஒரு இருட்டறையைப் பயன்படுத்தினார்கள். அறைக்கு வெளியே வெவ்வேறு இடங்களில் சில விளக்குகளை ஏற்றி வைத்து, அவற்றுக்கு எதிரே ஒரு துளையை விட்டார்கள். உள்ளே எதிர்ப்புறத்தில் எத்தனை விளக்கோ அத்தனை ஒளிப்பொட்டுகள் விழுந்தன. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டும் மறையும். திறந்தால் மீண்டும் தோன்றும். எல்லா ஒளியும் ஒரே துளை வழியாக வந்தும் ஒன்றோடொன்று கலந்து போகவில்லை என்பது இதனால் விளங்கியது. வீட்டில் ஒரு பெட்டியும் சில விளக்குகளும் இருந்தால் இதை நம் பிள்ளைகளும் செய்து பார்க்கலாம்.

இப்படிச் செய்து பார்ப்பதற்கு அவர்கள் வைத்த பெயர்தான் நம் கவனத்துக்குரியது. இஃதிபார் என்பது அந்தச் சொல். மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிய சொல் அன்று. சூரத்துல் ஹஷ்ரில், பார்வையுடையோர் படிப்பினை பெற வேண்டும் என்று அல்லாஹுத் தஆலா கட்டளையிடும் இடத்தில் வருவது இதே வேர்ச்சொல்தான். உஸூலுல் ஃபிக்ஹு ஆசிரியர்கள் கியாஸுக்கு ஆதாரமாக எடுத்துக் காட்டுவதும் அந்த ஆயத்தையே. ஹதீஸ் கலையிலோ, ஓர் அறிவிப்புக்கு வேறு வழியில் துணை இருக்கிறதா என்று தேடிச் சரிபார்ப்பதற்கு இஃதிபார் என்று பெயர். ஒளியைச் சோதிப்பதற்கும் இப்னுல் ஹைஸம் அதே சொல்லை வழங்கினார்கள். ஓர் அறிவிப்பாளர் சொன்னார் என்பதற்காக முஹத்திஸ்கள் அப்படியே எடுத்துக் கொள்ளவில்லை. கண் சொல்கிறது என்பதற்காக இவர்களும் அப்படியே எடுத்துக் கொள்ளவில்லை.

மயிலிறகைப் பற்றிய கவனிப்பும் இந்த இடத்தில்தான் வருகிறது. மயிலின் இறகும், அபூ கலமூன் எனப்படும் துணியும், பகலின் வெவ்வேறு நேரங்களில், தம்மீது விழும் ஒளிக்குத் தக்கவாறு வெவ்வேறு நிறங்களைக் காட்டுகின்றன என்று அன்னார் எடுத்துக் காட்டுகிறார்கள். அபூ கலமூன் என்பது அக்காலத்து எகிப்தின் புகழ்பெற்ற துணி. ஹிஜ்ரி 439 அளவில் அந்நாட்டுக்குச் சென்ற பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரவ், அது தின்னீஸ் என்னும் ஊரில் நெய்யப்படுவதாக எழுதியிருக்கிறார். நிறம் மாறும் அந்தத் துணியின் பெயரே துருக்கி மொழியில் பச்சோந்திக்கு வழங்குகிறது என்பது சுவையான செய்தி. நாம் காணும் நிறம் பொருளை மட்டும் பொறுத்ததன்று, அதன்மீது விழும் ஒளியையும் பொறுத்தது என்பதற்கு மயிலிறகையும் துணியையும் அவர்கள் சான்றாக்கினார்கள்.

ஆனால் மயிலிறகுக்குள் என்ன இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. அதைக் காட்டும் நுண்ணோக்கி அன்று பிறக்கவில்லை.

பேரறிஞரின் தவறு

கண்ணின் பகுதிகளுக்கு அரபு மருத்துவர்கள் அழகான பெயர்களை வைத்திருந்தனர். கொம்பைச் சீவியது போன்ற முன்படலம் கர்னிய்யா. திராட்சைத் தோல் போன்றது இனபிய்யா. பனிக்கட்டி போன்றது ஜலீதிய்யா. வலை போன்ற பின்படலம் ஷபகிய்யா. இப்பெயர்களின் பொருளையே லத்தீனில் மாற்றி, இன்றும் உலகத்து மருத்துவர்கள் வழங்கி வருகின்றனர்.

ஒளியை உணர்வது ஜலீதிய்யா, அதாவது கண்வில்லைதான் என்று இப்னுல் ஹைஸம் கருதினார்கள். ஒளி அதையும் கடந்து நேர்கோட்டில் பின்னே சென்றால் உருவம் தலைகீழாக விழுமே, நாம் எதையும் தலைகீழாகக் காண்பதில்லையே என்பது அவர்களின் தடை. இது தவறு. உருவம் பின்னேயுள்ள ஷபகிய்யாவில்தான் விழுகிறது, தலைகீழாகவே விழுகிறது என்று 1604இல் ஜெர்மானிய அறிஞர் கெப்ளர் நிறுவினார்.

இதைச் சொல்வதால் அன்னாரின் மதிப்பு குறைந்துவிடுமோ என்று யாரும் அஞ்ச வேண்டாம். பத்லமியூஸின் மீது ஐயங்கள் என்ற தம் நூலில், முன்னோரின் நூல்களைப் படிப்பவன் அவற்றைக் கேள்வி கேட்க வேண்டும், அப்படிக் கேட்கும்போது தன்னையும் ஐயுற வேண்டும் என்று அவர்களே வலியுறுத்தியிருக்கிறார்கள். கெப்ளர் அவர்களைத் திருத்தியது அவர்கள் கற்பித்த வழியில்தான். கிதாபுல் மனாழிர் 1200 அளவில் லத்தீனுக்குச் சென்றது. 1572இல் பேசல் நகரில் அச்சேறியது. அதைப் பின்பற்றி எழுதப்பட்ட விட்டெலோ என்பவரின் நூலுக்குத் துணைநூலாகவே கெப்ளர் தம் நூலை எழுதினார்.

நம் பக்கத்திலும் அந்தக் கிதாபு ஒரு நல்ல மாணவரைக் கண்டது. பாரசீகத்துக் கமாலுத்தீன் ஃபாரிஸீ (ரஹ்) அவர்கள், தம் உஸ்தாத் குத்புத்தீன் ஷீராஸீயின் வழிகாட்டலால் அதைத் தேடிப் படித்து, அதற்கு விரிவுரை எழுதினார்கள். வானவில் எப்படித் தோன்றுகிறது என்று அறிய விரும்பினார்கள். மழைத்துளியோ மிகச் சிறியது, ஓரிடத்தில் நில்லாதது. எனவே ஒரு கண்ணாடிக் கோளத்தில் நீரை நிரப்பி, அதையே பெரியதொரு மழைத்துளியாகக் கொண்டு, உள்ளே ஒளி எப்படி வளைகிறது, எங்கே திரும்புகிறது என்று பார்த்தார்கள். இயற்கையில் உள்ள அமைப்பைப் போலவே ஒன்றைக் கையால் செய்து, அதைக் கொண்டு ஒளியை அறிந்த முறை அது. கி.பி. 1319 அளவில் மறைந்த அவர்கள் செய்த இச்சோதனையை இன்றைய ஆய்வுக்கூடங்களில் நடப்பவற்றுக்கு முன்னோடி என்றே சொல்லலாம்.

மயிலிறகுக்குள் என்ன இருக்கிறது?

1665இல் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் மயிலிறகை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். அதை நீரில் நனைத்தால் நிறம் அழிந்து போவதையும் கண்டார். சாயமாக இருந்தால் நனைந்ததும் போய்விடுமா? 1814இல் டேவிட் புரூஸ்டர் இன்னொரு விந்தையைக் கண்டார். நம் கடற்கரை ஊர்களில் முத்துக் குளித்தவர்கள் அறிந்த முத்துச் சிப்பியின் உட்புறம் பல நிறம் காட்டுமல்லவா? அதை மெழுகில் அழுத்தி எடுத்தார். மெழுகிலும் அதே நிறங்கள் தெரிந்தன! சிப்பியிலிருந்து மெழுகுக்கு எந்தச் சாயமும் போகவில்லை. சிப்பியின் மேலுள்ள நுண்ணிய வரிகளின் அச்சு மட்டுமே போயிற்று.

மயிலிறகிலும் அப்படித்தான். அதிலுள்ள சாயம் மெலனின் ஒன்றே. நம் தலைமுடியைக் கறுப்பாக்குவதும் அதுதான். அந்த மெலனின் மிக நுண்ணிய குச்சிகளாக, இடையிடையே காற்று நிற்க, சன்னல் கம்பிகளைப் போல ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கிறது. அடுக்கின் இடைவெளிக்கு ஏற்ப ஒளியின் ஒரு நிறம் வலுப்பெற்றுத் திரும்புகிறது, மற்றவை அடங்கிவிடுகின்றன. நீல இறகில் இடைவெளி குறைவு. பச்சையிலும் மஞ்சளிலும் சற்று அதிகம். ஷாங்காய் நகரின் ஃபூதான் பல்கலைக்கழகத்தார் 2003இல் இதை அளந்து வெளியிட்டனர். அந்த இடைவெளிகள் ஒரு மில்லிமீட்டரில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. அந்த அளவில் இம்மியும் பிசகாமல், ஒரு முட்டையிலிருந்து வந்த குஞ்சின் இறகில் இதை அடுக்கி வைத்தவன் யார் என்று சிந்திப்பவர் சிந்திக்கட்டும்!

இதிலிருந்து மனிதன் கற்றது என்ன? நிறம் இடைவெளியைப் பொறுத்தது என்றால், இடைவெளி மாறும்போது நிறமும் மாறும். இடைவெளியில் காற்றுக்குப் பதில் வேறொன்று புகுந்தாலும் நிறம் மாறும். ஹூக் கண்ட நனைந்த மயிலிறகு இதைத்தான் சொன்னது. அப்படியானால், கண்ணுக்குத் தெரியாத ஆவி, நீரில் கலந்த நஞ்சு, உடலின் சர்க்கரை ஆகியவற்றை நிறமாற்றத்தால் காட்டிக் கொடுக்கும் பொருள்களைச் செய்யலாம் அல்லவா?

தென் அமெரிக்கக் காடுகளில் மார்ஃபோ என்னும் நீல வண்ணத்துப்பூச்சி உண்டு. அதன் சிறகுச் செதில்களில், அலமாரித் தட்டுகளைப் போல, நுண்ணிய அடுக்குகள் இருக்கின்றன. சிறகின்மீது ஒரு துளி சாராயச் சத்தை விட்டால் நீலம் பச்சையாகிறது. உலர்ந்ததும் மீண்டும் நீலமாகிறது. 2007இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பொத்திராய்லோ குழுவினர், வெவ்வேறு ஆவிகளுக்கு இச்சிறகின் ஒளி வெவ்வேறு விதமாக மாறுவதைக் கண்டனர். பின்பு அதே போன்ற அடுக்குகளைத் தாமே செய்து, ஆவிகளைப் பிரித்தறியும் கருவியாக்கி, 2015இல் வெளியிட்டனர்.

அபூ கலமூனின் பெயரைப் பெற்ற பச்சோந்தியின் கதையும் இதுவே. அது தோலில் சாயத்தைப் பரப்பித்தான் நிறம் மாறுகிறது என்று நெடுங்காலம் எண்ணியிருந்தனர். ஒருவகைப் பச்சோந்தியின் தோலில் நுண்ணிய படிகங்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதை ஜெனீவா பல்கலைக்கழகத்தார் 2015இல் காட்டினர். அது அமைதியாக இருக்கையில் படிகங்கள் நெருங்கி நின்று பச்சை தோன்றுகிறது. சினம் கொண்டால் அவை விலகி, மஞ்சளும் சிவப்பும் தோன்றுகின்றன. இதைப் பார்த்து, இழுத்தால் நிறம் மாறும் மெல்லிய படலங்களையும் செய்திருக்கிறார்கள். எவ்வளவு இழுபடுகிறது என்பதை நிறமே சொல்லிவிடும்.

ஓபல் என்னும் இரத்தினக் கல்லுக்குள் நுண்ணிய உருண்டைகள் வரிசையாக அடுங்கியிருக்கின்றன. அதே அமைப்பில் உருண்டைகளை ஒரு பாகு போன்ற பொருளுக்குள் அடுக்கி, பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஆஷர் என்பவர் 1997இல் ஒரு படலத்தைச் செய்து காட்டினார். ஈயம் கலந்த நீரோ சர்க்கரையோ பட்டால் அது உப்புகிறது, உருண்டைகள் விலகுகின்றன, நிறம் மாறுகிறது. நீரில் கலந்த ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் நஞ்சு என்பதையும், சர்க்கரை நோயாளி தினமும் விரலைக் குத்திக் கொள்ளும் துன்பத்தையும் எண்ணினால், இந்த ஆய்வின் அருமை விளங்கும்.

நமக்கு என்ன பாடம்?

இவற்றையெல்லாம் கேட்டதும் நம் மேடைகளில் ஒரு குரல் எழும். பார்த்தீர்களா, எல்லாவற்றையும் நாம்தாம் கண்டுபிடித்தோம் என்று. சகோதரர்களே, அப்படிச் சொல்வது இப்னுல் ஹைஸம் அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. வண்ணத்துப்பூச்சியின் சிறகை ஆராய்ந்தவர்கள் அன்னாரின் கிதாபைப் படித்துவிட்டு ஆராயவில்லை. மயிலிறகின் காரணத்தை அன்னார் சொல்லவும் இல்லை. செய்யாததைச் செய்ததாகப் புகழ்ந்தால், நைல் நதிக்கரையிலிருந்து திரும்பி வந்து தம்மால் முடியாது என்று சொன்னவருக்கு அது பிடிக்குமா?

வேறொரு குரலும் உண்டு. இதெல்லாம் துன்யாவின் இல்ம், நமக்கு எதற்கு என்பது அது. மேலே சொன்ன இஃதிபார் என்ற சொல்லே இதற்குப் பதில் தரப் போதுமானது. ஒரே சொல்லை ஃபிக்ஹிலும் ஹதீஸிலும் ஒளியியலிலும் வழங்கிய நம் முன்னோர் இந்தச் சுவரை எழுப்பவில்லை. படைப்பைத் திரும்பத் திரும்ப நோக்குமாறு சூரத்துல் முல்க் அழைக்கிறது. இரவில் அந்தச் சூராவை ஓதிவிட்டு உறங்குகின்ற நாம், பகலில் எத்தனை முறை அப்படி நோக்கியிருக்கிறோம்?

அன்னாரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்களின் பழக்கத்தை. கேட்டதைச் சரிபார்ப்பது, தெரியாததைத் தெரியாது என்பது, தவறு என்று கண்டால் மன்னர் முன்னிலையிலும் ஒப்புக்கொள்வது, கையுழைப்பில் உண்பது. இவை மார்க்கத்திற்கு வெளியே உள்ளவையா? ஒரு மஸ்அலாவை யாரோ சொன்னார் என்று பரப்பும் முன், கிதாபைப் புரட்டிப் பார்ப்பதும் இஃதிபார்தான். மிம்பரில் சொன்ன செய்தி தவறென்று பின்னர் தெரிந்தால், அடுத்த ஜும்ஆவில் அதே மிம்பரில் அதைத் திருத்துவதும் அன்னாரின் வழிதான். அதைச் செய்வது எவ்வளவு கடினம் என்பது மிம்பரில் நிற்கும் எங்களுக்குத் தெரியும்.

இனி உங்கள் பிள்ளை குர்ஆனுக்குள் வைத்திருக்கும் மயிலிறகைக் கண்டால், குட்டி போடாது என்று சொல்லி எறிந்துவிடாதீர்கள். வாசலுக்கு அழைத்துச் சென்று, வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டுங்கள். ஒரு சொட்டு நீரை விட்டு, நிறம் என்ன ஆகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஏன் என்று அது கேட்டால், தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததை இருவரும் சேர்ந்து தேடுங்கள்.

வல்ல நாயன் அல்லாமா அவர்களின் கப்ரை ஒளிமயமாக்குவானாக! பார்க்கின்ற கண்ணையும், பார்த்ததைச் சரியாக விளங்கும் உள்ளத்தையும் நமக்கும் நம் மக்களுக்கும் அருள்வானாக! ஆமீன்.